ஆப் முடிந்துவிட்டது, வாடகை ஏன் முடியவில்லை?



சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. "சர்வர் வாடகை" என்ற வரி வந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் நிறுத்தச் சொன்னார். "கல்வி உதவி ஆப்பை நம்ம பிள்ளைகள் போன வருஷமே செஞ்சு முடிச்சுட்டாங்களே. வீடு கட்டி முடிச்ச பிறகும் கொத்தனாருக்கு மாசாமாசம் கூலி கொடுப்போமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று நாங்கள் சொன்ன பதிலில் எங்களுக்கே திருப்தி இல்லை. நம் மஹல்லாவில் இன்று கணினி படிக்கும் பிள்ளைகள் இல்லாத தெரு கிடையாது. அவர்களில் பலருக்கு ஒரு வெப் அப்ளிகேஷனை எழுதத் தெரிகிறது. அதை வருடக்கணக்கில் ஓட்டத் தெரிவதில்லை. கடைசி வருட ப்ராஜெக்ட் அவரவர் லேப்டாப்பில் ஓடிக் காட்டினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று இந்த மாதக் கணினிப் பாடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறோம்.

பொத்தானுக்குப் பின்னால்

ஒரு தாய் தன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கைப்பேசியில் படிவத்தை நிரப்பி, "சமர்ப்பி" என்ற பொத்தானை அழுத்துகிறார். அந்த விவரம் முதலில் போய்ச் சேரும் இடம் வெப் சர்வர். நாங்கள் பயன்படுத்துவது என்ஜின்எக்ஸ். வழியில் யாரும் படித்துவிடாதபடி தகவலைப் பூட்டி வாங்கும் வேலை இதனுடையது. படம், எழுத்துரு போன்ற மாறாத கோப்புகளை இதுவே கொடுத்துவிடும். கணக்குப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதை மட்டும் உள்ளே அனுப்பும்.

உள்ளே இருப்பது அப்ளிகேஷன் சர்வர். எங்கள் நிரல் பைத்தான் மொழியில் இருப்பதால் ஜியூனிகார்ன் வைத்திருக்கிறோம். ஜாவாவில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டாம்கேட் வைத்துக்கொள்வார்கள். நம் நிரலின் சில நகல்களை எப்போதும் விழித்திருக்கச் செய்வதுதான் இதன் வேலை. ஒரு நகல் ஒரு விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று அடுத்ததை எடுத்துக்கொள்ளும். ஒன்று இடையில் மயங்கி விழுந்தால் அதை அகற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை நிறுத்தும். கடைசித் தேதி அன்று இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். எல்லாவற்றுக்கும் பின்னால், விவரங்கள் நிரந்தரமாகத் தங்கும் தரவுத்தளம் இருக்கிறது.

நம் அலுவலகத்தையே நினைத்துக்கொள்ளலாம். வாசலில் டோக்கன் கொடுக்கும் தம்பி, உள்ளே மேசைகளில் அமர்ந்து மனுவைப் பார்ப்பவர்கள், பின்னறை பீரோவில் பதிவேடு.

மேசையில் இருப்பவர் எந்த முறையில் மனுவைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா? அதைத்தான் ஃபிரேம்வொர்க் தருகிறது. பயனர் உள்ளே நுழைவது, கடவுச்சொல்லைப் படிக்க முடியாத வடிவில் சேமிப்பது, படிவத்தில் தப்பான எண் வந்தால் திருப்புவது போன்ற வேலைகள் உலகத்தில் எல்லா அப்ளிகேஷனுக்கும் பொதுவானவை. தரவுத்தளத்தை ஏமாற்றும் எழுத்துகளை யாராவது படிவத்தில் தட்டினால் தடுப்பதும் அப்படித்தான். இவற்றை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதினால் ஒவ்வொருவரும் அதே ஓட்டையை விடுவார்கள். நாங்கள் பயன்படுத்தும் ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிறிய ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003இல் உருவாகி, 2005இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. சில மணி நேரத்துக்குள் புதிய பக்கங்களை ஏற்ற வேண்டிய பத்திரிகை நெருக்கடியில் பிறந்ததால், நம்மைப்போல் ஆள் குறைவான இடங்களுக்கும் அது பொருந்துகிறது. ரூபி ஆன் ரெயில்ஸ், லாரவெல், ஸ்பிரிங் என்று வேறு பலவும் உண்டு. எது சிறந்தது என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள். எங்கள் அனுபவத்தில் அது வீண் சண்டை. ஒன்றை ஒழுங்காகப் பராமரிக்கத் தெரிந்தால் போதும்.

இங்கேதான் பெரியவரின் கேள்விக்கு முதல் பாதி பதில் இருக்கிறது. ஃபிரேம்வொர்க்குக்கும் வயதாகும். ஜாங்கோவின் நீண்டகாலப் பதிப்பு ஒன்றுக்குச் சுமார் மூன்று ஆண்டுகள்தான் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதற்குள் அடுத்த பதிப்புக்கு மாறிவிட வேண்டும். கதவைப் பூட்டும் சான்றிதழை நாங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் இலவசமாக வாங்குகிறோம். அதன் ஆயுள் 90 நாள். அதாவது கொத்தனார் உவமை இங்கே சரிவராது. கட்டிய வீட்டில் ஆள் குடியிருக்கிறார்கள். தண்ணீரும் மின்சாரமும் காவலும் வேண்டியிருக்கிறது.

பாத்திரம் யாருடையது?

கிளவுட் என்றதும் ஏதோ வானத்தில் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது வேறொருவருடைய கட்டடத்தில் இருக்கும் கணினி, அவ்வளவுதான். அமேசான் 2006இல் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. அதன் தரவு மையங்கள் மும்பையில் 2016இலும் ஹைதராபாத்தில் 2022இலும் வந்தன. மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயே இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும்போது எந்த ஊர் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஏழைக் குடும்பங்களின் விவரம் கடல் தாண்டிப் போக வேண்டாம் என்று நாங்கள் மும்பையைத் தேர்ந்தெடுத்தோம்.

வாடகையில் வகை உண்டு. வலிமா விருந்தை நினைத்துப் பாருங்கள். தேக்சாவும் அடுப்பும் சொந்தமாக வாங்கி வீட்டிலேயே சமைக்கலாம். பாத்திரக் கடையில் வாடகைக்கு எடுத்து, நம் பண்டாரியை வைத்துச் சமைக்கலாம். சமையற்கூடமும் அடுப்பும் விறகும் கழுவ ஆளும் உள்ள மண்டபத்தைப் பிடித்து, சாமானையும் பண்டாரியையும் மட்டும் நாம் கொண்டுபோகலாம். அல்லது ஆக்கிய பிரியாணியையே ஆர்டர் கொடுத்துவிடலாம். வெறும் கணினியை வாடகைக்கு எடுப்பது இரண்டாவது வகை. கூகுளின் ஆப் எஞ்சின், ஹெரோக்கு போன்றவை மூன்றாவது வகை. நம் நிரலை மட்டும் கொடுத்தால் இயங்குதளம், அப்ளிகேஷன் சர்வர் எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாதம் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றினாலும், ஆள் பலம் இல்லாத அமைப்புகளுக்கு மூன்றாவது வகையையே நாங்கள் பரிந்துரைப்போம். நாங்கள் முதலில் சிக்கனம் என்று நினைத்து இரண்டாவது வகைக்குப் போனோம்.

ஆனால் எந்த வகையானாலும் விருந்தில் உப்புக் கூடினால் மக்கள் பாத்திரக் கடைக்காரரைக் கேட்க மாட்டார்கள், அழைத்தவரைத்தான் கேட்பார்கள். கிளவுட் நிறுவனங்களே இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றன: கட்டடம், மின்சாரம், வன்பொருள் எங்கள் பொறுப்பு, அதன்மேல் நீங்கள் வைக்கும் நிரலும் தகவலும் அவற்றை யார் பார்க்கலாம் என்பதும் உங்கள் பொறுப்பு. பலர் இதைப் படிப்பதில்லை. நாங்களும் படிக்கவில்லை.

மஞ்சள் பக்கம்

ஜாங்கோவில் டீபக் என்று ஓர் அமைப்பு உண்டு. நிரல் எழுதும் காலத்தில் அது திறந்திருக்கும். ஏதாவது பிழை வந்தால், எந்த வரியில் வந்தது, அந்த நேரத்தில் நினைவகத்தில் என்னென்ன விவரங்கள் இருந்தன என்று மஞ்சள் தலைப்போடு ஒரு நீண்ட பக்கம் வரும். எழுதுகிறவருக்கு அது பெரிய உதவி. மக்கள் பயன்படுத்தத் தொடங்கும் முன் அதை மூடிவிட வேண்டும். ஜாங்கோவின் கையேட்டிலேயே இது தெளிவாக இருக்கிறது.

நாங்கள் மூடவில்லை. கடைசித் தேதி நெருங்கிவிட்டது, நாளை மூடிக்கொள்ளலாம் என்று அப்படியே ஏற்றிவிட்டோம். லேப்டாப்பில் சோதித்துப் பார்ப்பதற்கென்று ஜாங்கோவோடு வரும் சிறிய சர்வரையே கிளவுட்டிலும் ஓடவிட்டிருந்தோம். பொதுமக்கள் பயன்பாட்டுக்கு அது ஆகாது என்பதும் அதே கையேட்டில் இருக்கிறது.

நான்காம் நாள் ஒரு மாணவி விண்ணப்பித்தாள். முன்பே விண்ணப்பித்தவரா என்று பட்டியலோடு ஒப்பிடும் இடத்தில் நிரல் தடுமாறியது. அவள் திரையில் மஞ்சள் பக்கம் வந்தது. அதில், ஒப்பிட எடுத்த பட்டியலில் இருந்த இன்னொரு மாணவியின் பெயர், அவளுடைய வாப்பா இறந்துவிட்ட விவரம், வீட்டு வருமானம் எல்லாம் இருந்தன. அல்லாஹ்வின் கிருபை, அந்த மாணவி அதைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பாமல் எங்களுக்கு மட்டும் அனுப்பினாள். "இது எனக்கு வரக்கூடாதுன்னு நினைக்கிறேன்" என்று ஒரே வரி எழுதியிருந்தாள்.

அன்று இரவே சர்வரை நிறுத்தினோம். மறுநாள் எங்களில் இருவர், சகோதரி ஒருவரையும் அழைத்துக்கொண்டு, விவரம் வெளியான வீட்டுக்குப் போனோம். சொல்லாமல் விட்டாலும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இருந்தாலும் அவர்களுடைய அமானத் எங்கள் கையில் இருந்தது, அதில் குறை வந்துவிட்டது என்று சொன்னோம். அந்த உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தெருவுல யாருக்கும் தெரிஞ்சிருச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார். காகிதத்தில் மனு கொடுத்த காலத்தில் அந்தக் கேள்வி எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

அதன்பிறகு படிவத்தையே திருத்தினோம். தேவையில்லாமல் கேட்டிருந்த கேள்விகளை எடுத்துவிட்டோம். ஆதார் நகலைச் சரிபார்த்ததும் அழித்துவிடுகிறோம். உதவி வழங்கி முடித்த ஆண்டின் விவரத்தில் கணக்குக்குத் தேவையானது மட்டும் தங்குகிறது. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே கேட்கிறது: சொன்ன நோக்கத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கு, நோக்கம் முடிந்தால் அழி.

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொன்று. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லையும் ஜாங்கோவின் ரகசியச் சாவியையும் நிரலுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றாதீர்கள். பொதுவில் இருக்கும் நிரல்களில் சாவி தேடுவதற்கென்றே இரவு பகலாக ஓடும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஏற்றிய பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அது இருக்கும். சாவியையே மாற்றினால்தான் தீரும். சர்வரின் சூழல் மாறிகளில் வைத்து, நிரல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

யார் தலையில் இந்தச் செலவு?

இனி பணக் கதை. புதிய பதிப்பைச் சோதிக்க இரண்டாவது கணினி ஒன்றையும் தரவுத்தளம் ஒன்றையும் வாடகைக்கு எடுத்தோம். சோதனை ஒரு வாரத்தில் முடிந்தது. அணைக்க மறந்துவிட்டோம். கிளவுட்டில் யாரும் பயன்படுத்தாவிட்டாலும் மீட்டர் ஓடும். காலி வீட்டுக்கும் வாடகை உண்டு. கணினியை அணைத்த பிறகும் அதன் வட்டுக்குத் தனி வாடகை ஓடும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஒரு மாணவிக்கு நாம் தரும் ஆண்டு உதவியை விடப் பெரிய தொகை போயிருந்தது.

இதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினர் குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 60ஆம் வசனத்தில் சொல்லப்பட்டிருக்கிறார்கள். அதில் ஜகாத்தை வசூலித்து நிர்வகிக்கும் பணியாளர்களும் ஒரு பிரிவு. சர்வர் செலவை அதில் சேர்க்கலாமா என்று ஒரு சகோதரர் கேட்டார். எங்கள் ஆலிம், அந்த விவாதத்துக்குள் போகும் முன் ஒன்றைச் சொன்னார்: இது நிர்வாகச் செலவே அல்ல, உங்கள் மறதியின் செலவு, ஏழைகளின் பங்கைத் தொட வேண்டாம். தொழில்நுட்பக் குழுவினர் தங்களுக்குள் பங்கிட்டுக் கட்டினோம். வழக்கமான வாடகை பொது நன்கொடைக் கணக்கிலிருந்துதான் போகிறது. ஜகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் போகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

இலவசம் என்பதையும் நம்பி இருந்துவிட முடியாது. ஹெரோக்கு நிறுவனம் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் நிறுத்தியது. உலகெங்கும் மாணவர்கள் ஏற்றி வைத்திருந்த எத்தனையோ ப்ராஜெக்டுகள் நின்றுபோயின. இலவசக் காலம் என்று கிளவுட் நிறுவனங்கள் கொடுப்பதிலும், எல்லை தாண்டினால் நீங்கள் பதிந்த கார்டில் பணம் எடுக்கப்படலாம். பிள்ளை பயிற்சிக்காகக் கணக்குத் திறக்க உங்கள் கார்டைக் கேட்டால் கொடுங்கள். கற்றுக்கொள்ள வேறு வழி குறைவு. ஆனால் முதல் வேலையாக, செலவு இவ்வளவைத் தொட்டால் இமெயில் அனுப்பு என்ற பட்ஜெட் எச்சரிக்கையை உங்கள் கண் முன்னால் வைக்கச் சொல்லுங்கள். அது எச்சரிக்கை மட்டும்தான், மீட்டரைத் தானாக நிறுத்திவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

திருத்தம் வந்தும் போடாதவர்கள்

எக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மக்களின் கடன் வரலாற்றைச் சேர்த்து வைப்பது. அதன் ஒரு வெப் அப்ளிகேஷன் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் எழுதப்பட்டது. அந்த ஃபிரேம்வொர்க்கில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, 2017 மார்ச் மாதமே திருத்தம் வெளியானது. நிறுவனம் போடவில்லை. மே மாதம் திருடர்கள் அந்த வழியாக உள்ளே வந்தார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் சான்றிதழோ காலாவதியாகிக் கிடந்தது. அதனால் அதுவும் பார்க்கவில்லை. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் திருட்டு கண்ணில் பட்டது. சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் போயிருந்தது. அந்த அப்ளிகேஷன் ஓடியது கிளவுட்டில் அல்ல, நிறுவனத்தின் சொந்த ஏற்பாட்டில். ஆனால் வாடகைக் கணினியில் ஓடியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஃபிரேம்வொர்க்கைப் புதுப்பிப்பது கட்டடக்காரரின் வேலையல்ல.

கட்டடமே போன கதையும் உண்டு. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீப்பிடித்து முழுவதும் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இணையதளங்கள் ஏராளமாக முடங்கின. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். பேக்கப்புக்குத் தனியே பணம் கட்டியிருந்த சிலருடைய நகலும் அதே வளாகத்தில் இருந்து எரிந்துபோனது.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் பேக்கப்பைத் திறந்து பார்த்தோம். ஒவ்வோர் இரவும் கோப்பு ஒழுங்காக உருவாகியிருந்தது. பெயர் இருந்தது, தேதி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கடவுச்சொல் மாற்றிய நாளிலிருந்து தரவுத்தளம் அந்த நிரலை உள்ளே விடவேயில்லை. அன்றைக்கு ஏதாவது நடந்திருந்தால் அந்த ஆண்டின் விண்ணப்பங்கள் அத்தனையும் போயிருக்கும். இப்போது நகல் ஹைதராபாத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, அதை ஒரு காலிக் கணினியில் விரித்து, விண்ணப்பங்களின் எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு, அந்தக் கணினியை அழித்துவிடுகிறோம். அழித்ததை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறார். பழைய பில் பாடம்!

சாவி யாரிடம்?

கடைசியாக, நம் ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கல். ஆப்பை எழுதிய தம்பிகளில் ஒருவருக்கு துபாயில் வேலை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். கிளவுட் கணக்கு அவருடைய சொந்த இமெயிலில் இருந்தது. ஓடிபி போவது அவருடைய ஊர் சிம்முக்கு. ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம் செத்துப்போயிருந்தது. பாவம், அவர் அங்கே வேலை முடிந்து வந்து இரவு இரவாக எங்களோடு உட்கார்ந்தும் கணக்கைத் திறக்க மூன்று வாரம் ஆனது. பள்ளிவாசல் பீரோச் சாவியை ஒருவர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளிநாடு போக விடுவோமா? இப்போது கணக்கு அறக்கட்டளையின் பெயரிலான இமெயிலில் இருக்கிறது. தலைமைச் சாவியை யாரும் அன்றாடம் தொடுவதில்லை. இருவருக்குத் தனித்தனி அனுமதி. ஒருவர் கட்டாயம் ஊரில் இருப்பவர். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, பொருளாளரின் பெட்டகத்தில் வைத்திருக்கிறோம்.

இவ்வளவையும் கேட்ட பெரியவர், "அப்படின்னா காகிதமே மேல் இல்லையா?" என்றார். காகிதத்திலும் கரையான் உண்டு, மழையில் நனைந்த பதிவேடு நம்மிடமே இருக்கிறது என்று சொன்னோம். ஆனாலும் அவர் சொன்னதில் ஒன்றை ஏற்றுக்கொண்டோம். கைப்பேசியில் தங்கள் நிலைமையைத் தட்டச்சு செய்யக் கூச்சப்படும் குடும்பங்களுக்காக, காகிதப் படிவம் அலுவலகத்தில் தொடர்ந்து கிடைக்கும். அதை ஆப்பில் ஏற்றும் வேலையைச் சகோதரிகள் இருவர் மட்டும் பார்ப்பார்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் செய்முறை வகுப்பு உண்டு. மாணவிகளுக்குத் தனி அறை. ஜாங்கோவோ லாரவெலோ, எதில் செய்த ப்ராஜெக்டானாலும் லேப்டாப்போடு கொண்டுவரலாம். புதிதாக எதையும் எழுதப்போவதில்லை. அவரவர் ப்ராஜெக்டில் டீபக்கை மூடுவது, சாவிகளை வெளியே எடுப்பது, ஒரு பேக்கப்பை எடுத்து அதை மீண்டும் விரித்துப் பார்ப்பது, இந்த மூன்றும்தான் அன்றைய வேலை. கிளவுட் கணக்கு இல்லாதவர்களும் வரலாம். மூன்றையும் லேப்டாப்பிலேயே செய்து பார்க்க முடியும்.